நுரையீரலிலிருந்து இடுப்பெலும்பு வரை

2021 மே மாதக் கடைசி வாரத்தில் கோவை மாவட்டம் தினசரித் தொற்று எண்ணிக்கையில் சென்னையை முந்தியது. ஒரே நாளில் நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கொரோனா உறுதியான நாட்கள் அவை. மே 30 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முழுக் கவச உடை அணிந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குள் போய் நோயாளிகளைப் பார்த்தார். கொடிசியா வளாகத்தில் பொருட்காட்சிக் கடைகள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. கணபதியில், சத்தி சாலையை ஒட்டிய சந்துகளில் இருக்கும் லேத் பட்டறைகளும் பவுண்டரிகளும் பம்புசெட் உதிரிபாகக் கடைகளும் ஷட்டரை இறக்கியிருந்தன. வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு, ஆக்சிஜன் அளவு. விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கருவி 95 காட்டினால் நிம்மதி, 89 காட்டினால் ஆம்புலன்ஸ். அந்த நாட்களில் எலும்பைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும் என்று சொல்வதும் நியாயமில்லை. மூச்சு நின்றுவிடும் என்ற பயத்தில் இருப்பவரிடம் மூட்டைப் பற்றி யார் பேசுவார்கள்?

ஆனால் அதே ஆண்டு ஜூலையில் மும்பையிலிருந்து ஒரு சிறிய அறிக்கை வந்தது. பி.டி. இந்துஜா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் சஞ்சய் அகர்வாலாவும் அவருடைய குழுவினரும் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதியது. மூன்று நோயாளிகள், மூவருமே நாற்பது வயதுக்குக் கீழே. கோவிட்டிலிருந்து மீண்டு வேலைக்குத் திரும்பியவர்களுக்கு, நோய் கண்டறியப்பட்டு சராசரியாக 58 நாட்களில் தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமில்லாமல் சாகத் தொடங்கியிருந்தது. எலும்பு மருத்துவர்கள் இதை அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்பார்கள், சுருக்கமாக ஏ.வி.என். அந்த மூவரும் மருத்துவர்கள் என்பதால்தான் வலியின் தன்மை உடனே புரிந்து, சீக்கிரமே ஓடிவந்தார்கள் என்று அகர்வாலா பத்திரிகைகளிடம் சொன்னார்.

அந்தக் கடைசி வரி என்னை நீண்ட நாள் விடவில்லை. மருத்துவருக்குப் புரிந்தது. கணபதியில் எட்டு மணி நேரம் லேத் முன்னால் நிற்கும் ஒருவருக்கு அது எப்படிப் புரியும்? நுரையீரலில் வந்த நோய்க்கும் இடுப்பில் வரும் வலிக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? அந்த வழியைத்தான் இந்த அத்தியாயத்தில் நடந்து பார்க்கப்போகிறோம்.

முதலில் எலும்பைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். செத்தபின் நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டியை வைத்து எலும்பை ஒரு கல் என்று எண்ணிவிடுகிறோம். உடலுக்குள் அது இரத்தம் பாயும், நரம்பு ஓடும், ஓயாமல் மாறும் திசு. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகிறது. இதற்கு இரண்டு வகைச் செல்கள் பொறுப்பு. ஆஸ்டியோகிளாஸ்ட் பழைய எலும்பை அமிலத்தாலும் நொதிகளாலும் கரைக்கிறது. ஆஸ்டியோபிளாஸ்ட் அந்தப் பள்ளத்தில் புதிய எலும்பை இடுகிறது. வீட்டை இடிக்கிற ஆளுக்கும் கட்டுகிற கொத்தனாருக்கும் உள்ள அதே வேறுபாடு இங்கேயும் உண்டு. ஓரிடத்தைக் கரைக்க சுமார் மூன்று வாரம் போதும். அதை நிரப்ப மூன்று மாதம் வேண்டும். ஆகவே கரைப்பதை யாராவது திடீரென்று முடுக்கிவிட்டால், கட்டுமானம் எவ்வளவு ஓடினாலும் சில மாதங்களுக்குப் பின்தங்கியே இருக்கும்.

முடுக்கிவிடுவது யார் என்பதுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி. கரைக்கும் செல் எங்கே பிறக்கிறது தெரியுமா? நோய் எதிர்ப்புப் படையில் இருக்கும் மோனோசைட், மேக்ரோஃபேஜ் செல்கள் எந்த மஜ்ஜையில், எந்த முன்னோடிச் செல்லிலிருந்து பிறக்கின்றனவோ, அதே வம்சத்தில்தான். கிருமியை விழுங்கும் செல்லும் எலும்பைக் கரைக்கும் செல்லும் பங்காளிகள். அந்த முன்னோடி, எலும்பு கரைக்கும் செல்லாக முழுவளர்ச்சி அடைய வேண்டுமென்றால் அதன் மேற்பரப்பில் ராங்க்-எல் என்ற புரதம் வந்து ஒட்ட வேண்டும். இந்த மூலக்கூறை 1997, 98 வாக்கில் எலும்பு ஆராய்ச்சியாளர்களும் நோயெதிர்ப்பு ஆராய்ச்சியாளர்களும் தனித்தனியாகக் கண்டெடுத்தார்கள். இரு தரப்பும் தேடிக்கொண்டிருந்தது ஒரே பொருளை என்பது பிறகுதான் தெரிந்தது. எலும்புச் செல்கள் மட்டுமா அதைச் சுரக்கின்றன? தொற்றைக் கண்டு கிளர்ந்தெழுந்த டி-செல்களும் சுரக்கின்றன. இதைக் கட்டுப்படுத்த ஆஸ்டியோபுரோடெஜெரின் என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. அது ராங்க்-எல்லை வழியிலேயே பிடித்து மடக்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான அளவுதான் எலும்பு கூடுமா குறையுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இப்போது மூக்கு வழியாக ஒரு வைரஸ் நுழைகிறது. இன்ஃப்ளுயென்ஸாவோ சார்ஸ்-கோவி-2-வோ, நுரையீரலின் உள்தோலில் பெருகத் தொடங்குகிறது. அங்கிருக்கும் செல்கள் ஆபத்தை அறிவிக்க இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். போன்ற சைட்டோகைன்களை விடுகின்றன. சாதாரணச் சளியில் இவை பெரும்பாலும் அந்த இடத்திலேயே வேலை முடித்து அடங்கிவிடும். ஆகவே மழைக்காலத்தில் இரண்டு நாள் மூக்கு ஒழுகியவர் எலும்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நோய் கடுமையாகி நிமோனியாவாக மாறும்போதுதான் நிலை வேறு. சைட்டோகைன்கள் இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் பரவுகின்றன. மஜ்ஜைக்குப் போனதும் அவை ராங்க்-எல் சுரப்பைக் கூட்டி, தடுப்புப் புரதத்தை மங்கவைத்து, கரைக்கும் செல்களின் படையைப் பெருக்குகின்றன. வைரஸ் எலும்புக்குள் கால் வைக்கவே தேவையில்லை. அதற்கு எதிராக நம் உடல் எழுப்பும் கூச்சலே எலும்பைத் தொட்டுவிடுகிறது.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கநிற சிரிய ஹாம்ஸ்டர்களுக்கு சார்ஸ்-கோவி-2 தொற்றை ஏற்படுத்தி, அவற்றின் நீள எலும்புகளையும் முதுகெலும்பையும் நுண் சி.டி. மூலம் பார்த்தார்கள். 2022-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியான அந்த ஆய்வின்படி, தொற்றுக்கு உள்ளான விலங்குகளில் எலும்பின் உட்புறப் பஞ்சுப் பகுதி பல இடங்களில் மெலிந்திருந்தது. நுரையீரல் ஓரளவு தேறிய பின்னும் எலும்பிழப்பு தொடர்ந்தது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், தொற்று ஏற்பட்ட இரண்டு வாரத்துக்குள் பஞ்செலும்பின் சுமார் கால் பங்கு குறைந்துவிட்டது. கரைக்கும் செல்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. அந்த விலங்குகள் எதற்கும் ஸ்டீராய்டு கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தொற்றும் அதனால் எழுந்த அழற்சியும் மட்டுமே இதைச் செய்தன.

எலியில் நடந்தது அப்படியே மனிதரில் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எலியின் எலும்பு நம்முடையதைவிட வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் மனிதரிலும் எலும்புக்கும் நுரையீரலுக்கும் எதிர்த்திசையில் ஒரு தொடர்பு தெரியவந்தது. மிலான் நகரின் சான் ரஃபேல் மருத்துவமனையில் கோவிட்டுக்காகச் சேர்ந்த 114 பேரின் மார்பு எக்ஸ்-ரேக்களை மருத்துவர்கள் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள், இந்த முறை முதுகெலும்பைப் பார்க்க. 36 சதவீதம் பேருக்கு முதுகெலும்புக் கட்டைகளில் ஏற்கெனவே நசுங்கல் முறிவு இருந்தது. அந்த முறிவு இருந்தவர்களுக்கு மூச்சுக் கருவியின் உதவி அதிகம் தேவைப்பட்டது. நசுங்கிய முதுகு வளைந்து மார்புக்கூட்டைச் சுருக்கும், நுரையீரல் விரிய இடம் குறையும். மெலிந்த எலும்பு உள்ளவருக்கு நிமோனியா கூடுதலாக வாட்டுகிறது, நிமோனியா வந்தவருக்கு எலும்பு கூடுதலாக மெலிகிறது. அறுபது தாண்டிய பெண்கள் உள்ள வீடுகளில் இந்தச் சுழலைக் குறிப்பாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி இடுப்புக்கு வருவோம்.

தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் பந்து போன்ற தலைக்கு இரத்தம் போகும் வழி மிகக் குறுகலானது. எலும்பின் கழுத்தைச் சுற்றி வரும் ஒரு தமனியின் மெல்லிய கிளைகள்தான் அதில் பெரும்பகுதியைப் போஷிக்கின்றன. மாற்றுவழி அதிகம் இல்லை. அந்தக் கிளைகளுக்குள் அடைப்பு வந்தாலோ, எலும்புக்குள்ளே அழுத்தம் கூடி அவை நெரிபட்டாலோ, உள்ளிருக்கும் எலும்புச் செல்கள் பட்டினியால் இறக்கின்றன. இறந்த எலும்பு உடனே விழுந்துவிடுவதில்லை. சில மாதங்கள் பழைய வடிவத்திலேயே தாங்கும். பிறகு நடக்க நடக்க, உடல் எடை அழுத்த அழுத்த, குருத்தெலும்புக்குக் கீழே விரிசல் விட்டு, உருண்டையான தலை சப்பையாகிவிடும். அதற்குப் பிறகு மூட்டு மூட்டாக இருக்காது.

சுவாச வைரஸ் நோய்க்குப் பின் இது கூட்டமாக வந்ததை உலகம் முதலில் பார்த்தது 2003-ல், சார்ஸ் பரவிய சீனாவிலும் ஹாங்காங்கிலும். அந்த நோய்க்கு அப்போது நிரூபணமான மருந்து இல்லை. உயிரைக் காக்க மருத்துவர்கள் மெதில்பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளைப் பெரிய அளவில் செலுத்தினார்கள். மீண்டவர்களில் 254 பேரை ஹாங்காங்கில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது 12 பேருக்கு எலும்புச் சாவு தெரிந்தது, அதாவது சுமார் 5 சதவீதம். அந்த ஆய்வு ஒரு கணக்கைத் தெளிவாக்கியது. மொத்தம் 3 கிராம் பிரட்னிசலோனுக்குச் சமமான அளவுக்குள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 0.6 சதவீதத்தினருக்கே இது வந்தது. 3 கிராமைத் தாண்டியவர்களில் 13 சதவீதத்தினருக்கு வந்தது. பெய்ஜிங்கில் பணியின்போதே சார்ஸ் தொற்றிய மருத்துவமனை ஊழியர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு குழு, எலும்புச் சாவு ஏற்பட்ட பகுதி முதல் இரண்டு ஆண்டுகளில் ஓரளவு சுருங்கியதையும் அதன் பிறகு பெரிதாக மாறாமல் நின்றதையும் பதிவுசெய்தது. நோயாளியைக் காப்பாற்றப் போய் நோயை வாங்கிக்கொண்டு, 15 ஆண்டு இடுப்பு வலியோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய ஸ்கேன் படங்களிலிருந்து கிடைத்த அறிவைத்தான் இன்று நாம் பயன்படுத்துகிறோம்.

ஸ்டீராய்டு இதை எப்படிச் செய்கிறது? மஜ்ஜையில் உள்ள கொழுப்புச் செல்களைப் பெருக்கிப் பருக்கவைக்கிறது. எலும்பு மூடிய அறை, விரிந்துகொடுக்காது. ஆகவே உள்ளழுத்தம் கூடி இரத்தக் குழாய் நெரிபடுகிறது. இரத்தத்தில் கொழுப்புத் துளிகள் மிதந்து நுண்குழாய்களை அடைக்கலாம். கட்டும் செல்களும் எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட்டுகளும் வயது முடியும் முன்பே சாகின்றன. குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறைகிறது, சிறுநீரில் கால்சியம் வெளியேறுவது கூடுகிறது.

இப்போது மும்பை அறிக்கைக்குத் திரும்பினால் அதன் முக்கியத்துவம் புரியும். ஏ.வி.என். வருவதற்கு சராசரியாக 2000 மில்லிகிராம் பிரட்னிசலோன் தேவை என்றும், ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்றும் பழைய நூல்கள் சொல்லிவந்தன. மும்பை நோயாளிகள் பெற்றது 400 முதல் 1250 மில்லிகிராம் வரை, சராசரி 758. வலி வந்ததோ இரண்டு மாதத்துக்குள். குறைந்த மருந்தில் இவ்வளவு சீக்கிரம் ஏன்? மூன்று பேரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனாலும் கோவிட் இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது, இரத்தத்தை எளிதில் உறையவைக்கிறது, கடும் நோயில் ஆக்சிஜனையும் குறைக்கிறது. குறுகலான வழியில் மட்டுமே இரத்தம் பெறும் ஓர் எலும்புக்கு இந்த மூன்றும் ஸ்டீராய்டோடு சேர்ந்து வந்தால் தாங்குவது கடினம் என்பது என் கருத்து. வைரஸும் மருந்தும் ஒரே இடத்தில் கைகோத்திருக்கின்றன.

அப்படியானால் ஸ்டீராய்டே வேண்டாமா? இந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னால் உயிர் போகும். 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வுக்குழு தன் முடிவை அறிவித்தது. தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3-ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடையேயும் குறைந்தது. மலிவான, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஒரு மாத்திரை அத்தனை உயிர்களைக் காத்தது. அதே ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அந்த மருந்தால் எந்தப் பயனும் இல்லை. இந்த இரண்டாம் பாதியை 2021 இரண்டாம் அலையின் பதற்றத்தில் நாடே மறந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றிய மருந்துச் சீட்டைக் காட்டி, காய்ச்சல் தொடங்கிய முதல் நாளே ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவர்கள் எத்தனையோ பேர். லேசான நோய்க்கு ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு எடுக்காதீர்கள் என்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா அந்த மே மாதம் வெளிப்படையாக எச்சரிக்க வேண்டியிருந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் ஏறத்தாழ 40 மில்லிகிராம் பிரட்னிசலோனுக்குச் சமம். பத்து நாளுக்கு 400. மும்பை நோயாளிகளில் மிகக் குறைவாகப் பெற்றவரின் அளவும் அதுதான். தினம் 80 மில்லிகிராம் மெதில்பிரட்னிசலோன் பத்து நாள் போட்டால் அது 1000 ஆகிவிடும். தேவைப்பட்டவருக்குக் கொடுத்த ஒவ்வொரு மில்லிகிராமும் நியாயமானது. தேவையில்லாமல் விழுங்கிய ஒவ்வொன்றும் எலும்பின் கணக்கில் ஏறிய கடன்.

ஏ.வி.என். தாக்கும் வயது பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயது. கணபதி, சின்னவேடம்பட்டி, அத்திப்பாளையம் பிரிவு என்று பட்டறைகள் நெருங்கிய பகுதியில் வேலை என்றாலே நிற்பது, குனிவது, பாரம் தூக்குவது. ஆகவே இடுப்பில் வலி வந்தால் முதலில் நினைப்பது வேலைப் பளு. "தொடைக்கு உள்ளுக்குள்ள புடிக்குதுங்க, வண்டில கால் தூக்கிப் போட முடியலீங்க" என்று வரும்போதே சில மாதங்கள் ஓடியிருக்கும். இடையில் தைலம், பக்கத்து மருந்துக்கடையில் வலி மாத்திரை, முதுகுத் தட்டு விலகியிருக்குமோ என்று ஒரு எக்ஸ்-ரே. வலியின் இடத்தைக் கவனியுங்கள். இடுப்பு மூட்டின் நோய் பெரும்பாலும் பின்புறம் வலிப்பதில்லை, முன்புறத் தொடை இடுக்கில் வலிக்கும், சிலருக்கு முழங்கால் வரை இறங்கும். சம்மணமிட்டு உட்காருவதும், இந்தியக் கழிப்பறையில் குந்துவதும், செருப்பு மாட்டக் காலை உட்புறமாகத் திருப்புவதும் சிரமமாகும். ஆரம்ப நிலையில் எக்ஸ்-ரே முற்றிலும் சரியாகவே தெரியும். அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனவர்கள்தான் கடைசியில் நொண்டிக்கொண்டு வருகிறார்கள். எம்.ஆர்.ஐ. மட்டுமே தொடக்கத்தில் காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கம் வலித்தாலும் இரண்டு பக்கத்தையும் படமெடுக்க வேண்டும், ஏனெனில் மறுபக்கமும் சத்தமில்லாமல் பாதிக்கப்பட்டிருப்பது சாதாரணம்.

தலை சப்பையாவதற்கு முன் பிடித்துவிட்டால் செய்ய நிறைய இருக்கிறது. பாரத்தைக் குறைப்பது, ஊன்றுகோல், கரைக்கும் செல்களை அடக்கும் பிஸ்பாஸ்பனேட் வகை மருந்துகள், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தை இறக்கும் அறுவைச் சிகிச்சை. சஞ்சய் அகர்வாலா கோவிட்டுக்குப் பல ஆண்டு முன்பே அலென்ட்ரோனேட் மாத்திரையை ஏ.வி.என்.-க்குப் பயன்படுத்தி ஆய்வு செய்தவர். அந்த அனுபவம்தான் 2021-ல் கைகொடுத்தது. தலை இடிந்த பிறகு மிஞ்சுவது செயற்கை இடுப்பு மூட்டு. நல்ல சிகிச்சைதான், கோவையில் அதைத் திறமையாகச் செய்யும் எலும்பியல் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் 2019-ல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி செயற்கை இடுப்புகளில் 25 ஆண்டு தாங்குபவை ஏறத்தாழ 58 சதவீதம். எழுபது வயதில் பொருத்தினால் கவலையில்லை. முப்பத்தெட்டு வயதில் பொருத்தியவர் இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

கோவையிலிருந்து மலை ஏறினால் இதே கதை இன்னொரு வடிவத்தில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. 1952-ல் லீமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் மரபணுவைக் கண்டார்கள். இந்தியாவில் இது முதன்முதலாகப் பதிவானது அப்போதுதான். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்ற குழந்தைக்குச் சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறையும்போது அரிவாள் வடிவில் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். ஒரு வைரஸ் நிமோனியா அவர்களுக்கு இரட்டை அடி. நுரையீரலில் ஆக்சிஜன் குறைகிறது, எலும்பில் அடைப்பு விழுகிறது, தாங்கமுடியாத வலி வருகிறது. தொடை எலும்புத் தலையின் சாவு அந்நோயாளிகளிடம் இளம் வயதிலேயே காணப்படுவது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இவர்களுக்காகவே தனித் திட்டம் நடத்திவருகிறது. 2047-க்குள் இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தை ஒன்றிய அரசு 2023 ஜூலை 1 அன்று தொடங்கியது. நம் ஊர்க் குழந்தைக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஃப்ளூ தடுப்பூசி, அந்த மலைக் குழந்தைக்கு எலும்பையும் காக்கும் ஊசி.

முதியவர்களிடம் வழி வேறு. கடும் காய்ச்சலில் இரண்டு மூன்று வாரம் படுத்தால் எலும்பின் மீது பாரம் விழுவதில்லை. பாரம் இல்லாத எலும்பு கரையும். விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைவதை அளந்திருக்கிறார்கள். தசை அதைவிட வேகமாகப் போய்விடும். எழுந்து நடக்கத் தொடங்கும் முதல் வாரத்தில் கால் தடுமாறி, குளியலறையில் விழுந்து, இடுப்பு முறிவதுதான் பெரும் ஆபத்து. தொடர் இருமலே விலா எலும்பை முறிப்பதும் உண்டு. ஆறாவது விலா அதில் அதிகம் அகப்படுகிறது. இருமியபின் ஒரே இடத்தில் குத்தும் வலி, தொட்டால் கூடும் வலி என்றால் அதைச் சளிப் பிடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது.

குழந்தைகளைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு ஆறுதலும் ஒரு எச்சரிக்கையும். மூன்று முதல் பத்து வயதுக்குள் உள்ள குழந்தை, சளி பிடித்து ஓரிரு வாரம் கழித்து ஒரு காலை நொண்டி நடக்கும். இடுப்பு மூட்டின் உட்சவ்வில் தற்காலிக அழற்சி. பெரும்பாலும் ஓய்விலேயே ஒன்றிரண்டு வாரத்தில் தானே சரியாகிவிடும், எலும்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, குழந்தை காலை ஊன்றவே மறுத்தாலோ, மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அப்போது மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை.

வைட்டமின் டி பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. ஆண்டில் பெரும்பாலான நாள் வெயில் காயும் ஊரில் இந்தக் குறைபாடு எப்படி வரும் என்று கேட்கலாம். தகரக் கூரைக்குக் கீழே காலை முதல் மாலை வரை லேத் ஓட்டுபவர் மீது வெயில் படுவதில்லை. பக்கத்துச் சரவணம்பட்டியில் குளிர்ந்த கட்டடத்தில் கணினி முன் இருப்பவர் மீதும் படுவதில்லை. தோல் வைட்டமின் டி தயாரிக்கத் தேவையான புற ஊதா பி கதிர், நம் அட்சரேகையில் முற்பகல் 11 முதல் பிற்பகல் 3 வரைதான் போதிய அளவு இறங்குகிறது. விடிகாலை நடை இதயத்துக்கு நல்லது, வைட்டமினுக்கு அதிகம் உதவாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கை, கால் தெரிய இருபது நிமிடம் வெளியே நின்றாலே பயன் உண்டு.

அதே சமயம் வைட்டமின் டி-யைக் கொரோனா மருந்தாக நினைத்து அள்ளி விழுங்கியதும் தவறு. பிரேசிலில் மருத்துவமனையில் இருந்த நோயாளிகளுக்கு ஒரே தடவையில் 2 லட்சம் யூனிட் கொடுத்துச் சோதித்தார்கள். மருத்துவமனை நாட்கள் குறையவில்லை. நம் கடைகளில் கிடைக்கும் 60,000 யூனிட் சாஷே வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் எடுக்க வேண்டியது. அதைத் தினமும் எடுத்து இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறும் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. அதைவிடப் பாதுகாப்பான வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. வளர்ந்தவருக்குத் தினம் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வரையறுத்தது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம், அதே எடை முருங்கைக்கீரையில் 300-க்கு மேல், நூறு மில்லி பாலில் சுமார் 120. கொங்கு நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன்வரை ராகிக் களியும் கீரையும் மோரும் அன்றாடம். அரிசிக்கு மாறியபோது கால்சியத்தை நாமே தட்டிலிருந்து எடுத்துவிட்டோம். வாரத்தில் நாலு நாளாவது அந்த உணவுக்குத் திரும்பச் சொல்கிறேன்.

கடைசியாக, வாசகரிடம் மூன்று வேண்டுகோள்கள். கடும் நிமோனியாவுக்காக மருத்துவமனையில் இருந்தீர்கள் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த ஸ்டீராய்டு, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பது அதில் இருக்கும். பல ஆண்டு கழித்தும் எந்த எலும்பு மருத்துவருக்கும் அது தேவைப்படும். அடுத்த முறை சளி, காய்ச்சல் வரும்போது மருத்துவர் எழுதாமல் ஸ்டீராய்டு மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள், பழைய சீட்டைக் காட்டியும் வாங்காதீர்கள். தொற்றுக்குப் பிறகான ஓராண்டுக்குள் தொடை இடுக்கில் வலி தொடங்கி இரண்டு வாரத்தில் போகாவிட்டால், எக்ஸ்-ரே சரியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், "எனக்கு நிமோனியா வந்து ஸ்டீராய்டு போட்டாங்க, எம்.ஆர்.ஐ. பாக்கணுமுங்களா?" என்று நீங்களே கேளுங்கள்.